மிளகாய்க் கன்றும் கீழ் வீட்டு அன்ரியும்

எங்கள் வீட்டு யன்னலில் ஊதா வெளிச்சம் எரியத் தொடங்கிய பிறகு இலண்டனில் மிச்சம் என்ற எங்கள் ஊர் ட்ராம் நிலையத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அதற்கு முன் என்னைக் கண்டால் தலையைக்கூட அசைக்காத பையன்கள், பயிர் எப்படிப் போகிறது என்று கண்ணடித்துக் கேட்டார்கள். மெதுவாகத்தான் வருகிறது என்று நானும் கண்ணடித்துச் சொன்னேன். அவர்கள் நினைத்தது கஞ்சா. அப்பா போட்டிருந்தது மிளகாய்.

அப்பா பெற்றோல் நிலையத்தில் காலை ஷிப்ட் செய்பவர். மத்தியானம் தாண்டி வீட்டுக்கு வந்தால் பிறகு அவருக்கு வேலை இல்லை, எங்களைத் திருத்துவதைத் தவிர. அந்தக் குளிர்காலத்தில் எப்படியோ மிளகாயில் அவர் கவனம் திரும்பியது. எனக்கும் அம்மாவுக்கும் பெரிய ஆறுதல். தயிர் முடிந்த வாளிகளைச் சேர்த்து, ஃபோன் திருத்தும் கடையில் நான் வேலை செய்வதால் என்னிடம் இருந்த ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலை எடுத்து, அடியில் ஓட்டை போட்டார். என் சூட்டுக்கோலில் இன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்றம். கடையில் வாங்கிய செத்தல் மிளகாயை உடைத்து விதை எடுத்துப் போட்டார். வெயில் இல்லாத ஊரில் விளக்குத்தான் வெயில் என்று நான்தான் அந்த ஊதா எல்ஈடியை வாங்கிக் கொடுத்தேன். மே மாதம் பால்கனிக்கு மாற்றுவது திட்டம்.

எல்லா விதையும் முளைத்தது. முளைத்த பிறகுதான் பிரச்சினை. ஒரே நாளில் போட்ட விதை, ஒரே மண், ஒரே விளக்கு. பாதிக் கன்றுகள் நிமிர்ந்து இலை மேல் இலை விட்டன. மற்றப் பாதி, முளைக்கும்போது வந்த இரண்டு இலையோடு, பிறகு எட்டிப் பார்த்த இன்னும் இரண்டு சின்ன இலையோடு அப்படியே நின்றன.

"என்னப்பா, இவை சிக் லீவிலை நிக்கினமோ?" என்று கேட்டேன்.

"உன்னை மாதிரித்தான். பெலன் இல்லை, வாய் மட்டும் இருக்கு" என்றார். மிளகாய்க் கன்றுக்கு வாய் எங்கே என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் எனக்குக் கணவாய்க் கறி தேவைப்பட்டது.

இதெல்லாம் நடக்கும்போது கீழ் வீட்டு அன்ரி மேலே வந்தார். எங்களுக்கு நேர் கீழே இருக்கும் பிளாற் அவருடையது. அவரும் அம்மாவும் ஒரே காலத்தில் இந்தக் கட்டடத்துக்கு வந்தவர்கள். ஒரே சலவைக் கடையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் சட்டை மினுக்கியவர்கள். அன்ரியின் புருஷன் காலமாகி, மகன் கல்யாணம் செய்து வேறு ஊர் போன பிறகு, எங்கள் வீட்டுத் தேநீரில் ஒரு கோப்பை தினமும் அவருக்குத்தான். கோவிலுக்கு, மரக்கறிக் கடைக்கு, கண் டொக்டரிடம் எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் ட்ராம் ஏறுவார்கள். அம்மாவுக்கு இந்த நாட்டில் சொந்தக்காரர் நிறைய. சிநேகிதி என்று சொல்ல அவர் ஒருவர்தான்.

அன்ரி யன்னலடியில் நின்று கன்றுகளைப் பார்த்தார். ஊதா வெளிச்சத்தில் அவருடைய வெள்ளைத் தலைமயிர் கத்தரிக்காய் நிறமாகத் தெரிந்தது.

"எவ்வளவு வடிவு. இந்தக் குளிருக்கை இப்பிடி வளருதே. உங்கட கைராசிதான்" என்றார்.

அவ்வளவுதான். அம்மாவின் முகம் சட்டென்று மாறியதை நான் கண்டேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பிள்ளையை நேரே பார்த்து வடிவு என்று சொன்னாலே, சொன்னவர் வெளிக்கிட்டுப் போனதும் அந்தப் பிள்ளைக்கு நாவூறு கழிப்பார்கள். புகழ்ந்த வாயால் பிள்ளை வாடிவிடும் என்ற பயம். மிளகாய்க் கன்று அம்மாவுக்குப் பிள்ளையில்லை. ஆனாலும் அடுத்த வாரம் சின்னக் கன்றுகள் இன்னும் சோர்ந்து தொங்கியபோது அம்மா வேறு காரணம் தேடவில்லை.

முதலில் ஊர் முறைப்படி செய்தார். உப்பும் செத்தல் மிளகாயும் கையில் பொத்தி, தயிர் வாளிகளை மூன்று முறை சுற்றி, சட்டியில் போட்டு எரித்தார். மிளகாய்க்கு நாவூறு கழிக்க மிளகாயையே எரிக்கிறீர்களே, கன்றுகள் பார்த்துக்கொண்டு நிற்கின்றனவே என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கிவிட்டது. மூன்று மாடி ஆட்களும் படுக்கை உடுப்போடு வாசலுக்கு வந்தார்கள். அன்ரியும் வந்தார். என்ன நடந்தது என்று அவர் அம்மாவைக் கேட்டார். கறி அடிப்பிடித்துப் போச்சு என்று அம்மா எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மா ஒருநாளும் கறியை அடிப்பிடிக்க விடமாட்டார் என்பது அன்ரிக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அம்மா கதவு திறக்கவில்லை. அன்ரி கதவு தட்டும் சத்தம் எங்களுக்குத் தெரியும். மடக்கிய விரலால் மெதுவாக, குழந்தை நித்திரையாக இருக்கும் வீட்டில் தட்டுவதுபோல. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா ரீவியைக் குறைத்துவிட்டு, அகப்பை கையிலிருந்தால் அகப்பையோடு அப்படியே நிற்பார். கோவிலுக்கு ஒரு ட்ராம் முன்னதாகவே போய்விடுவார். ஒருமுறை அன்ரி ஒரு பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸ் செய்து கதவடியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தொடவில்லை. நான் தொட்டேன். எல்லாவற்றையும் தொட்டேன். பெட்டியைக் கழுவிக் கொண்டுபோய் அன்ரியின் கதவடியில் வைத்தபோது உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டி என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

அம்மா பாவம். பின்னேரத்தில் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பை தேநீர் ஊற்றுவார். பிறகு ஒன்றைத் திரும்பக் கேத்தலுக்குள் ஊற்றுவார். அதைப் பார்த்த பிறகுதான் நான் இந்த மிளகாயை ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தேன். கன்றுகள் ஏன் நோஞ்சானாக நிற்கின்றன என்று வேறொரு காரணத்தைக் கையில் வைத்துக் காட்டாவிட்டால் அம்மா மசியமாட்டார். வாயால் சொன்னால் கேட்கிற மனுசியில்லை.

நான் படிப்பை அரைவாசியில் விட்டவன். ஆனால் பழுதான ஃபோனில் எந்த இடத்தில் பிழை என்று பார்க்கத் தெரியும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. எதை மாற்றும்போது குணம் மாறுகிறதோ அங்கேதான் பிழை. கன்றுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மிச்சத்துக்கு இணையம் இருந்தது. விளக்கின் கீழே வீட்டுக்குள் வளரும் கன்று ஏன் குறுகும் என்று தேடினால், வருகிற ஆலோசனையெல்லாம் கஞ்சா வளர்க்கிறவர்களுடையது. உலகத்தில் வேறு யாரும் அறைக்குள் இவ்வளவு பாசமாகச் செடி வளர்ப்பதில்லை போலிருந்தது. நான் அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கஞ்சா வருகிற இடத்திலெல்லாம் மிளகாய் என்று மாற்றிக்கொண்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நல்ல பொறுப்பான தம்பிமார். எங்கட ஆக்களோ?" என்றார்.

எல்லா நாட்டு ஆக்களும் இருக்கினம் என்றேன். அது பொய்யில்லை.

அந்தப் பொறுப்பான தம்பிமார் முதலில் விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் கன்றுக்கு வெளிச்சம் கூட, ஓரத்துக்குக் குறைவு. உண்மைதான், தொடக்கத்தில் பின்தங்கியவை ஓரத்தில் நின்றவைதான். நான் இடம் மாற்றினேன். சின்னவற்றை நடுவில் வைத்து நெட்டையன்களை ஓரத்துக்குத் தள்ளினேன். ஒரு வாரம் போனது. நெட்டையன்கள் ஓரத்திலும் வளர்ந்தார்கள். சின்னவை நடுவிலும் அசையவில்லை. அடுத்தது குளிர். யன்னல் கண்ணாடிக்கும் வாளிக்கும் நடுவில் பீட்சாப் பெட்டி மட்டையை வைத்தேன். அதற்கும் அசையவில்லை. பிறகு தண்ணீர் கூடிப்போனால் வேர் மூச்சு முட்டும் என்று வாசித்தேன். அப்பாவுக்குக் கோபம் வந்தது. தான் அளந்துதான் ஊற்றுவதாகவும், எனக்குச் சின்ன வயதில் பால் கரைத்ததைவிடக் கவனமாக ஊற்றுவதாகவும் சொன்னார். என்னுடைய உயரத்தை வைத்துப் பார்த்தால் அது நல்ல சாட்சியில்லை என்றேன்.

ஒரு சனிக்கிழமை, அப்பா ஷிப்டால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் ஒரு சின்னக் கன்றைத் தலைகீழாகத் தட்டி வாளியிலிருந்து எடுத்தேன். வேர் குட்டையாக, நுனி மண்ணிறமாக இருந்தது. நல்ல கன்று ஒன்றைத் தட்டினேன். அதன் வேர் வெள்ளை நூல்போல வாளியைச் சுற்றி ஓடியிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சின்னக் கன்றின் மண் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு. மற்றச் சின்னவற்றைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. நெட்டையன்களில் ஒன்றிலும் இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இலண்டன் தண்ணி அப்படித்தான், கேத்தலுக்குள்ளேயும் இதே வெள்ளைதானே என்றார்.

"அப்ப நெட்டையன்கள் என்ன, போத்தில் தண்ணியோ குடிக்கினம்?"

அப்பா வாயில் சோற்றோடு யோசித்தார். நான் விளிம்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து நாக்கில் வைத்தேன். அவரை அருவருப்படைய வைக்கத்தான் செய்தேன், வேறு நோக்கமில்லை. கேத்தல் வெள்ளைக்கு ருசியில்லை, அதையும் நான் சின்ன வயதில் தின்று பார்த்தவன். இது கரித்தது. சமையல் உப்பு, சந்தேகமில்லை.

"அப்பா, இது உப்பு."

"விசர்க்கதை கதையாதை."

"நக்கிப் பாருங்கோ."

அவர் நக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். இந்தச் சின்னக் கன்றுகளுக்கு மட்டும் என்ன விசேஷமாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டபடி சொன்னார். வருத்தக்காரருக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி, பெலன் இல்லாதவைக்கு மட்டும் அரிசி கழுவின தண்ணி ஊற்றுகிறாராம். நெட்டையன்களுக்குக் குழாய்த் தண்ணி போதுமாம். அரிசித் தண்ணியை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்டேன். சிங்குக்குப் பக்கத்தில் நீலப் பேசினில் அம்மா எடுத்து வைப்பாராம்.

"நான் கேக்காமலே எடுத்து வைப்பா" என்றார். அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "செவ்வாய், வெள்ளியிலை ஒருநாளும் தவறாது. வாயாலை நாவூறு எண்டு சண்டை பிடிப்பா, ஆனா கன்றிலை அக்கறை இருக்கு."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அம்மா கையில் சவர்க்கார நுரையோடு வாசலில் வந்து நின்றார்.

"எந்தப் பேசின்?" என்றார்.

பிறகு வெளியே வந்த கதை இது. புகை மணி அடித்த நாளுக்குப் பிறகு அம்மா எரிப்பதை விட்டுவிட்டார். ஆனால் கழிப்பதை விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அப்பா வேலையால் வருவதற்குச் சற்று முன், ஒரு கை உப்பெடுத்து வாளிகளைச் சுற்றி, தண்ணீரில் கரைய விட்டார். புதுத் தண்ணீர் எதற்கு என்று, பேசினில் ஏற்கெனவே இருந்த அரிசி கழுவிய தண்ணீரிலேயே போட்டார். போட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. அதனால் நேரே குளியலறைக்குப் போய்க் கால் கழுவி, திருநீறு பூசி, சாமிப் படத்தின் முன் கொஞ்ச நேரம் இருப்பார். திரும்பி வந்து பார்த்தால் பேசின் வெறுமையாக, கழுவிக் கவிழ்த்து இருக்கும்.

"நான் என்னெண்டு நினைச்சன்?" என்று அம்மா மெதுவாகச் சொன்னார். "இந்த மனுசன் என்னை நக்கலடிச்சாலும், நான் கழிச்ச தண்ணியைத் தானே கொண்டுபோய் கால்படாத இடத்திலை ஊத்துது எண்டு."

நான் அந்த நேரம் பகிடி விடவில்லை, அப்படி நடப்பது குறைவு. இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் தனக்கு உதவுவதாக நினைத்து, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, அந்தச் சந்தோஷத்தில் கன்றுகளுக்கு வாரம் இரண்டு முறை உப்புத் தண்ணீர் ஊட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஓரத்து வெளிச்சக் குறைவால் சோர்ந்தவை, பிறகு உப்பால் எழும்பவேயில்லை. கன்று வாட வாட அம்மா உப்பைக் கூட்டினார். வாட வாட அப்பா கஞ்சியைக் கூட்டினார். இதற்குள் உயிரோடு நின்றதற்கே அந்தச் சின்னவற்றுக்கு மெடல் கொடுக்க வேண்டும்.

அப்பா எழும்பிப் போய்க் குளியல் தொட்டிக்குள் வாளிகளை அடுக்கினார். மழைக்குழாயைத் திறந்து, மண்ணிலிருந்து உப்பு இறங்கும்வரை ஒவ்வொன்றாகக் கழுவினார். தம்பிமார் என்ன சொல்லுகினம் என்று கேட்டார். கழுவி, வடிய விட்டு, புது மண்ணில் மாற்றச் சொல்லுகினம் என்றேன். பிறகு இரண்டு கன்று செத்தது. மற்றவை பல நாள் யோசித்துவிட்டு இலை விட்டன. அது பின்னுக்கு நடந்தது.

அம்மா கதிரையில் இருந்தார். நுரை கையிலேயே காய்ந்திருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்ப அவ ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

"அவ வடிவு எண்டுதானே சொன்னவ."

"நீ ஒருக்கா கீழை போய்ச் சொல்லடா. அம்மாக்குச் சுகமில்லாமல் கிடந்தது எண்டு சொல்லு."

நான் மாட்டேன் என்றேன். மரக்கறி ரோல்ஸ் முழுவதையும் தின்ற வாயால் பொய் வராது என்றேன். அம்மா என்னை அடிக்கக் கையோங்கி, பிறகு அந்தக் கையாலேயே சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். வெறுங்கையோடு போவதா என்று அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் எடுக்கவில்லை. படியிறங்கும்போது நான் பின்னால் போனேன். வரவேண்டாம் என்று சொன்னார், ஆனால் திரும்பித் திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்தார்.

அன்ரி கதவைத் திறந்தார். நான் படியில் இருந்துகொண்டேன்.

முதலில் பேசியது அன்ரிதான். "மீன் மணம்தானே?" என்று கேட்டார். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அன்ரி அவசர அவசரமாகச் சொன்னார். தன் அடுப்படி மணம் நேரே எங்கள் யன்னலுக்குத்தான் வரும், அம்மா செவ்வாய், வெள்ளி விரதக்காரி, அன்றைக்குப் புகை மணி அடித்தபோதே அம்மாவின் முகம் சரியில்லை, தன்னுடைய பொரியல் புகைதான் மேலே வந்து மணியை அடித்திருக்கும், அம்மா பெருந்தன்மையாகக் கறி அடிப்பிடித்தது என்று மறைத்திருக்கிறார். அதற்குப் பிறகு தான் ஒருநாளும் மீன் பொரிக்கவில்லை. இனியும் பொரிக்கப்போவதில்லை.

பல கிழமையாகச் சொல்லிப் பார்த்துப் பாடமாக்கியதுபோல ஒரே மூச்சில் சொன்னார். மீன் பொரியல் இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத மனுசி அவர்.

அம்மா நினைத்திருந்தால் அந்தப் பொய்க்குள்ளேயே நுழைந்து தப்பியிருக்கலாம். அன்ரியே கதவைத் திறந்துவிட்டிருந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மீனுமில்லை ஒண்டுமில்லை. நீங்கள் கன்றைப் பாத்து வடிவு எண்டு சொன்னியள். பிறகு அது வாடிப் போச்சு. உங்கட வாய் எண்டு நினைச்சிட்டன்."

மின்தூக்கி எங்கோ மேலே போய் நின்ற சத்தம் கேட்டது. அன்ரியின் கை கதவுப் பிடிக்குப் போனது. கதவைச் சாத்தப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சாத்தினால் நியாயம்தான்.

"எனக்கு அப்பிடி ஒரு வாய் இருந்தா" என்றார் அன்ரி, "முதல்லை என்ரை மருமோளையெல்லோ புகழ்ந்திருப்பன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று படியிலிருந்து சரியாகத் தெரியவில்லை. தோள் குலுங்கியது. அன்ரி அவரைக் கையில் பிடித்து உள்ளே இழுத்தார். பிறகு தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்து, மேலே போய்ப் படிக்கிற வேலை இருந்தால் பார் என்றார். நான் படிப்பை விட்டு எத்தனை வருஷம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா இருட்டும்வரை வரவில்லை. நானும் அப்பாவும் அடுப்படியில் நின்று வெறுஞ்சட்டிகளைத் திறந்து மூடினோம். கீழேயிருந்து மணம் வந்தது. எண்ணெயில் விளைமீன், மஞ்சளும் தூளும் பிரட்டி, கரையில் முறுகிய மணம். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மூக்கால் சாப்பிட்டோம். கூப்பிட்டு எங்களுக்கும் இரண்டு துண்டு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று ஃபோனை எடுத்தேன்.

"கூப்பிடாதை" என்றார் அப்பா. "கதைக்கட்டும்."

பேக்கரியில் வாங்கிய பாண் இருந்தது. நேற்றைய சம்பலும் கொஞ்சம் இருந்தது. அவர் பாணை வெட்டினார். நான் தேநீருக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன்.